வீட்டின் நிலையும் நாட்டின் கடமையும்

நுழையும்முன்

எந்த வீட்டில் பிறப்பது என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயினும், ஒருவர் உண்ணும் உணவு, கற்கும் கல்வி, செய்யும் தொழில், உடல்நலம் ஆகிய அனைத்திலும் அவர் பிறந்த வீட்டின் நிலை தன் தடத்தைப் பதிக்கிறது. பிறப்பால் அமைந்த நிலை இறுதிவரை தொடரத்தான் வேண்டுமா? அதனை மாற்றும் ஆற்றல் சமூகத்திற்கு உண்டா? தமிழ்நாட்டின் நூற்றாண்டுக்கால அனுபவத்திலிருந்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஓர் ஊர், இரு வீடுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் சிவகிரி. முன்பு ஜமீனாக விளங்கிய இவ்வூர், பின்னர் திருநெல்வேலி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டத்தைச் சார்ந்திருந்தது. 2019 நவம்பர் 22 அன்று உருவான தென்காசி மாவட்டத்தில் இன்று வட்டத் தலைநகராக உள்ளது. நெல்லும் கரும்பும் தென்னையும் எலுமிச்சையும் விளையும் பகுதி இது. மலையில் மழை பெய்தால் குளங்கள் நிறையும். குளம் நிறைந்தால் நடவு நடக்கும். நடவு நடந்தால் கூலி கிடைக்கும். மழை பொய்த்தாலோ இச்சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும்.

இத்தகைய ஊரில் இரு வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டிற்குக் கிணற்றுப் பாசனத்துடன் கூடிய தோப்பு இருக்கிறது. மற்றொரு வீட்டிற்கு இரண்டு பேரின் உழைப்பைத் தவிர வேறு உடைமை இல்லை. இரு வீடுகளிலும் ஒரே வயதுடைய குழந்தைகள் இருக்கின்றனர். மழை பொய்க்கும் ஆண்டு இரு வீடுகளுக்கும் பொதுவானதே. ஆனால், முதல் வீடு அவ்வாண்டில் சேமிப்பை எடுத்துச் செலவிடுகிறது; இரண்டாம் வீடு கடன் வாங்குகிறது. தந்தை நோயில் விழுந்தால் முதல் வீட்டில் மருத்துவச் செலவு கூடுகிறது; இரண்டாம் வீட்டில் செலவு கூடுவதோடு வருமானமும் நின்றுவிடுகிறது. அப்போது அவ்வீட்டின் மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கக்கூடும். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், அவளுடைய படிப்பே முதலில் நிற்கும்.

இரண்டாம் வீட்டின் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் அன்பு குறைந்தவர்கள் அல்லர். அறிவு குறைந்தவர்களும் அல்லர். அவர்கள் தாங்கும் சுமைதான் பெரிது. குடும்பத்தின் நிலை என்று நாம் சொல்வது குடும்பத்தின் குணத்தை அன்று; அதன் தோளில் ஏற்றப்பட்ட சுமையின் அளவையே. அச்சுமையில் ஒரு பங்கைச் சமூகம் தன் தோளில் வாங்கிக்கொள்ளும் வழிமுறையே சமூகநலக் கொள்கை. கொள்கை நல்லதா என்பதை அது எவ்வளவு கொடுக்கிறது என்பதைக்கொண்டு மட்டும் அளக்க இயலாது. யாருடைய சுமையை அது குறைக்கிறது, அடுத்த தலைமுறைக்கு எந்தக் கதவைத் திறக்கிறது என்பவையே சரியான அளவுகோல்கள்.

பசிக்கு விடை தேடிய நாடு

பசியோடு அமர்ந்திருக்கும் குழந்தைக்கு எழுத்து ஏறாது. இவ்வுண்மையைத் தமிழ்நாடு நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டது. மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபி ஏழை எளியோரின் பசிப்பிணியைப் போக்கியதாகக் காப்பியம் கூறுகிறது. ஆனால், அமுதசுரபி அறம் உடைய ஒருவரின் கையில் இருந்தது. அவர் வந்தால் உணவு உண்டு, வராவிட்டால் இல்லை. நாள்தோறும், ஊர்தோறும், எவரும் கையேந்தாமல் உணவு கிடைக்க வேண்டுமானால் அறம் சட்டமாகவும் திட்டமாகவும் மாற வேண்டும்.

அம்மாற்றத்தின் முதல் அடி 1920ஆம் ஆண்டில் எடுத்து வைக்கப்பட்டது. பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்பது அத்தீர்மானம். நிதித் தடையால் அம்முயற்சி சில ஆண்டுகளில் தளர்ந்தாலும் எண்ணம் மறையவில்லை.

1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொடக்க விழா நடந்த இடம், பாரதியார் பிறந்த எட்டயபுரம். சிவகிரியைப் போலவே மழையை நம்பி வாழும் மண் அது. காமராசர் இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். குடும்பத்தின் நிலை ஒரு சிறுவனைப் பள்ளியிலிருந்து எவ்வாறு வெளியே இழுத்துவிடும் என்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1982 சூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். இத்திட்டத்தைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். ஊர்ப்புறத்துத் தொடக்கப் பள்ளிகளோடு, பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளும் இத்திட்டத்தின்கீழ் வந்தனர். பின்வந்த ஆண்டுகளில் உணவுடன் முட்டை சேர்ந்தது. மாநிலத்தில் ஆட்சிகள் மாறின, உணவு நிற்கவில்லை. ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் வளர்த்தெடுத்ததே இத்திட்டத்தின் பெருமை. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. தமிழகத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகளாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு, அன்றுமுதல் நாட்டின் கடமையாயிற்று.

கொள்கை பிணிக்கவும் கூடும், விடுவிக்கவும் கூடும்

அரசு செய்வன எல்லாம் குடும்பநிலையின் பிடியைத் தளர்த்திவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்று அறிமுகமானது. மாணவர் நாளின் ஒரு பகுதியில் பள்ளியில் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது அதன் அமைப்பு. பள்ளிகளில் இடம் போதாமையையும் உடலுழைப்பின் மதிப்பையும் காரணங்களாகக் காட்டினர். ஆனால், அது மண்வெட்டி பிடித்தவரின் மகனை மண்வெட்டியோடும், பானை வனைந்தவரின் மகளைச் சக்கரத்தோடும் பிணைத்துவிடும் என்று கண்ட மக்கள் கடுமையாக எதிர்த்தனர். குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்ற அது 1954ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது.

மூன்றாண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரு திட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டும் பள்ளிக் குழந்தைகளுக்கானவை. இரண்டும் ஏழ்மையைக் கருத்தில் கொண்டவை. ஒன்று குழந்தையை அரை நாள் வீட்டின் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது. மற்றொன்று வீட்டில் இல்லாத உணவைப் பள்ளியில் வைத்து, குழந்தையை நாள் முழுவதும் பள்ளியில் இருக்கச் செய்தது. முதலாவது குடும்பநிலையை விதியாக ஏற்றுக்கொண்டது. இரண்டாவது அதனை மாற்றத்தக்க ஒன்றாகக் கருதியது.

மதிய உணவு வேறொரு மாற்றத்தையும் விளைவித்தது. வீட்டுக்குள் வரும் தானியத்தை யார் எவ்வளவு உண்பது என்பதை வீட்டின் வழக்கமே முடிவு செய்கிறது. உழைக்கும் ஆணுக்கு முதலில், மகனுக்கு அடுத்து, மகளுக்குப் பின்னர், எஞ்சியது தாய்க்கு என்னும் வரிசை பல வீடுகளில் இருந்தது. பள்ளியில் பரிமாறப்படும் உணவு இவ்வரிசைக்கு உட்படாமல் நேரே குழந்தையின் தட்டை அடைகிறது. வெவ்வேறு சாதிகளைச் சார்ந்த குழந்தைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டதும் சிறிய செய்தி அன்று. ஆயினும், சமைப்பவரின் சாதியைக் கேட்கும் குரல் இன்றும் சில ஊர்களில் எழுவது நாம் நாண வேண்டிய செய்தி.

பெண்ணின் தோளில் ஏறிய சுமை

குடும்பத்தின் சுமையைப் பற்றிப் பேசும்போது அதனை மிகுதியாகச் சுமப்பவர் பெண் என்பதை மறத்தலாகாது. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் பீடி சுற்றும் தொழில் பெருமளவில் வீட்டிலேயே நடைபெறுகிறது. மடியில் பீடித் தட்டை வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பி, நூலால் கட்டும் இவ்வேலையில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படுகிறது. சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே இவ்வேலை நடப்பதால், அதனை வேலை என்று ஒப்புக்கொள்ளவே சமூகம் நெடுங்காலம் தயங்கியது. தாயின் கணக்கு நிறைவதற்காக மகள் தட்டின்முன் அமர்ந்தாள். அவளுடைய பாட நூல் மூடிக் கிடந்தது.

1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளராக ஏற்றது. 1976ஆம் ஆண்டின் நலநிதிச் சட்டத்தின் வழியாக மருத்துவ உதவியும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் கிடைக்க வழி பிறந்தன. தொழிலாளர் என்னும் பெயரும் அடையாள அட்டையும் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால், பெயர் பெறாத உழைப்புக்கு உரிமை கேட்க இயலாது. அந்த அட்டையைக் கொண்டுதான் தாய் தன் மகளின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தையும் இக்கண்ணோட்டத்தில் காண வேண்டும். நடவுக்கோ களையெடுப்புக்கோ செல்லும் பெண் கதிரவன் மேலெழும் முன்பே வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள். அதற்குள் சமைத்து முடிக்க அவள் எப்போது விழிக்க வேண்டும்? பள்ளியில் கிடைக்கும் உப்புமாவும் பொங்கலும் குழந்தையின் பசியைத் தணிப்பதோடு, தாயின் உறக்கத்தில் ஒரு மணி நேரத்தையும் அவளுக்குத் திருப்பித் தருகின்றன. புள்ளிவிவரத்தில் அந்த ஒரு மணி நேரம் இடம்பெறுவதில்லை. அவளுடைய உடல் அதனை அறியும்.

சுமையைக் குறைப்பதோடு உடைமையைப் பகிர்வதும் கொள்கையின் பணியே. 1929ஆம் ஆண்டில் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களுக்கு இணையான சொத்துரிமை வேண்டும் எனத் தீர்மானித்தது. அத்தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு அறுபது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டில் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தம், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கை அளித்தது. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005ஆம் ஆண்டில்தான் வந்தது. ஒரு நல்ல கருத்து சட்டமாவதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க நேரலாம். காத்திருந்த ஆண்டுகளில் உரிமையின்றி வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காலத்தைத் திருப்பித் தர எவராலும் இயலாது.

மணமேடையிலிருந்து கல்லூரிக்கு

திட்டங்களும் கற்றுக்கொண்டே வளர்கின்றன என்பதற்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் தாங்கிய திட்டம் சான்றாகும். ஏழைப் பெற்றோர்க்கு மகளின் திருமணச் செலவு பெருஞ்சுமையாக இருந்தது. அதனைக் குறைக்க 1989ஆம் ஆண்டில் திருமண நிதியுதவித் திட்டம் தொடங்கப்பட்டது. உதவி பெறுவதற்கு மணமகள் குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. திருமணத்திற்கான பணம் படிப்பின் வழியாகவே வந்ததால், பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன் பெற்றோர் ஒருமுறை சிந்தித்தனர்.

காலம் மாறியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண்கள் பெருகினர். கல்லூரியின் வாயிலே அடுத்த தடையாயிற்று. எனவே, அதே திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக உருமாறி, 2022 செப்டம்பர் 5 அன்று ‘புதுமைப்பெண்’ என்னும் பெயரில் நடைமுறைக்கு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1000 ரூபாய் செலுத்தப்படுகிறது. மாணவர்களுக்கு இதனையொத்த ‘தமிழ்ப்புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கியது.

பணம் யாருடைய கணக்கிற்குச் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். திருமண உதவி மணமகளாகும் பெண்ணுக்கு உரியது. இத்தொகையோ மாணவியாகத் தொடரும் பெண்ணுக்கு உரியது. ஆயிரம் ரூபாய் கல்லூரிச் செலவு முழுவதையும் ஈடுசெய்யாது. எனினும், பேருந்துச் செலவுக்கும் குறிப்பேட்டுக்கும் தந்தையிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலையை அது குறைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் மகளை ஆலை வேலைக்கு அனுப்புவதா, மணம் முடிப்பதா, மேலே படிக்க வைப்பதா என்று வீட்டில் பேச்சு எழும்போது, அவள் பக்கம் வைக்கத்தக்க ஒரு நியாயமாகவும் அது அமைகிறது.

இலவசமா, உரிமையா?

இத்திட்டங்களைக் குறித்து எதிர்க்கருத்துகளும் உள்ளன. ‘அரசின் பணம் வீணாகிறது; மக்கள் உழைப்பை மறந்து கையேந்தப் பழகுகிறார்கள்’ என்பர் சிலர். இக்கருத்தைப் புறந்தள்ளாமல் ஆராய்தல் வேண்டும். அரசின் நிதி எல்லையற்றது அன்று. தேர்தல் வேளையில் வாக்குகளைக் கருதி வழங்கப்படும் பொருள்களும், ஒரு குழந்தையின் வாழ்நாளையே மாற்றும் திட்டங்களும் ஒன்றல்ல. அனைத்தையும் ஒரே பெயரால் புகழ்வதும் தவறு. ஒரே பெயரால் இகழ்வதும் தவறு.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்க்கு அரசு வழங்கும் மிதிவண்டியைச் சான்றாகக் கொள்வோம். சிற்றூர்களில் தொடக்கப் பள்ளி இருக்கும். மேல்நிலைப் பள்ளியோ சிவகிரி போன்ற நகரில் இருக்கும். இடைப்பட்ட தொலைவே பல பெண்களின் கல்விக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மிதிவண்டி அத்தொலைவைக் கடக்க உதவும் கருவி. சாலை அமைப்பதை எவரும் இலவசம் என்று கூறுவதில்லை. அச்சாலையில் செல்ல ஓர் ஏழை மாணவிக்குக் கிடைக்கும் மிதிவண்டியை மட்டும் இலவசம் என்று ஏன் கூற வேண்டும்?

உலக நாடுகளின் அனுபவமும் இதனையே காட்டுகிறது. பின்லாந்து 1943ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, 1948ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவர் அனைவருக்கும் கட்டணமின்றி உணவு வழங்கிவருகிறது. அப்போது அது போரினால் நலிவுற்ற எளிய நாடே. செல்வம் பெருகிய பின்னரே அந்நாடு குழந்தைகளைப் பேணத் தொடங்கியது என்று கூற இயலாது. இலங்கையில் கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945ஆம் ஆண்டில் மழலையர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி அறிமுகமானது. சிங்களவரும் தமிழருமாகிய எளிய வீட்டுப் பிள்ளைகள் பலர் உயர்கல்வி பெற அது வழிவகுத்தது.

சொற்களும் இங்கே தம் கதையைச் சொல்கின்றன. ஒரு காலத்தில் ‘இலவச’ மிதிவண்டி என்றனர். பின்னர் ‘விலையில்லா’ மிதிவண்டி என்றனர். 2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியபோது, ‘உரிமைத்தொகை’ என்னும் பெயர் பெற்றது. வீட்டில் ஊதியமின்றி உழைக்கும் பெண்ணுக்கு இது கொடை அன்று, உரிமை என்பதே அப்பெயரின் பொருள். பெயர் மாறினால் போதாது. அலுவலகத்தில் விண்ணப்பம் பெறுபவரின் குரலும் அப்பெயருக்கேற்ப மாற வேண்டும்.

எஞ்சியுள்ள கடமைகள்

பெருமைகளை மட்டும் அடுக்கிவிட்டு அமைதல் முறையன்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் கொள்கை முழுமையான நலக்கொள்கை ஆகாது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. நலத்திட்டங்களுக்குப் பணம் வேண்டும். அப்பணத்தில் ஒரு பகுதி மது விற்பனையிலிருந்து வருகிறது. மாலையில் தந்தையின் கூலி கரைந்துபோகும் வீட்டில், காலையில் பள்ளி தரும் உணவு பசியைத் தணிக்கும், அச்சத்தைத் தணிக்காது. இம்முரணை எவ்வாறு தீர்ப்பது என்பது உங்கள் தலைமுறையும் விவாதிக்க வேண்டிய வினா.

இரண்டாவது, திட்டம் இருப்பது வேறு. அது உரியவரைச் சென்றடைவது வேறு. முதியோர் ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 1962ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. ஆனால், எந்தச் சான்றிதழை எங்கே பெறுவது என்று அறியாத மூதாட்டிக்கு அத்திட்டம் தாளில் மட்டுமே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது அவருக்கு ஓராண்டு உணவாக அமையலாம்.

மூன்றாவது, அரசால் செய்ய இயலாதவையும் உண்டு. மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டு எனச் சட்டம் கூறலாம். அப்பங்கைக் கேட்ட தங்கையிடம் அண்ணன் முகம் கொடுத்துப் பேச வேண்டும் என்று சட்டம் ஆணையிட இயலாது. மகனுக்குப் படிக்க நேரமும் மகளுக்குப் பாத்திரம் துலக்கும் வேலையும் என்று பிரிக்கும் வீட்டின் வழக்கத்தை வீட்டிலுள்ளோரே மாற்ற வேண்டும். கொள்கை கதவைத் திறக்கும். அக்கதவின் வழியே செல்ல மகளை அனுமதிப்பது வீட்டின் பண்பு.

வீட்டின் அன்பும் நாட்டின் நீதியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. அன்பு மட்டும் இருந்து அரிசி இல்லாத வீடும் துன்புறும். அரிசி இருந்து மதிப்பு இல்லாத வீடும் துன்புறும். ஆகவே, ஒரு புதிய திட்டம் அறிவிக்கப்படும்போதெல்லாம் அதனை வழங்குபவர் யார் என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டாம் வீட்டின் குழந்தைக்கு அதனால் எந்தக் கதவு திறக்கிறது என்றும் கேட்போம். இன்னும் சில ஆண்டுகளில் வாக்களிக்கவும், அலுவலகங்களில் அமர்ந்து முடிவெடுக்கவும் போகும் உங்களுக்கு இவ்வினா பயன்படும்.

தெரிந்து தெளிவோம்

1920 – சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம்
1956 – காமராசரின் மதிய உணவுத் திட்டம்
1982 – எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம்
1989 – கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு
2001 – சமைத்த உணவு குறித்து உச்ச நீதிமன்றத்தின் ஆணை
2022 – முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், புதுமைப்பெண் திட்டம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முதியோர் ஓய்வூதியம் பெறத் தேவைப்படும் சான்றுகள் யாவை எனக் கிராம நிருவாக அலுவலகத்தில் கேட்டறிந்து, எவரும் புரிந்துகொள்ளும் வகையில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுக.
2. ‘இலவசம், உதவி, உரிமை’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டைத் தக்க சான்றுகளுடன் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் பாட்டி, தாய் ஆகியோர் எந்த வகுப்புடன் படிப்பை நிறுத்தினர், ஏன் நிறுத்தினர் என்று கேட்டறிந்து, அன்று எந்தத் திட்டம் இருந்திருந்தால் அவர்கள் தொடர்ந்து படித்திருப்பர் எனக் கட்டுரை வரைக.